வேண்டாம் என்று ஒரு பட்டன்

“பணம் வந்துடுச்சு” என்றார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், வாசலிலேயே. “முழுசா வந்துடுச்சு.”

“திருப்பி அனுப்புங்க” என்றாள் மனைவி.

செருப்பைக் கழற்றப் போன அவர் கால் அந்தரத்தில் நின்றது.

மகளின் கல்லூரிப் படிப்புக்காக ஆன்லைனில் லேப்டாப் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பெட்டி என்னவோ ஒழுங்காகத்தான் வந்தது. உள்ளே இருந்தது, தரையில் பதிக்கும் டைல்ஸ் இரண்டு. பழுப்பு நிறம், நல்ல வழவழப்பு.

“இன்னும் நாற்பது லேப்டாப் ஆர்டர் போட்டா பாத்ரூம் தரையையே மாத்திடலாம்ப்பா” என்று மகள் சொல்லி, அம்மாவிடம் ஒரு முறைப்பு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அம்மாதான் களத்தில். மழலையர் பள்ளி டீச்சர். முப்பது வாண்டுகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பவள். ஆனால் போனில் பார்வை எடுபடவில்லை.

“பெட்டியோட எடை எங்க ரெக்கார்டுல சரியா இருக்கே மேடம்.”

“எடை சரியாத்தாம்மா இருக்கு. என் பொண்ணு டைல்ஸ்ல எப்படி டைப் அடிப்பா?”

“புரியுது மேடம். நாற்பத்தெட்டு மணி நேரத்துல தீர்வு கிடைக்கும்.”

அந்த நாற்பத்தெட்டு மணி நேரம் எட்டு முறை வந்து போயிற்று. தினம் ஒரு புதுக் குரல், தினமும் முதலிலிருந்து கதை. கேட்டுக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்கே ஆர்டர் நம்பர் மனப்பாடம். ஒருவர் மட்டும் அக்கறையோடு எச்சரித்தார்: “டைல்ஸ் ஓரம் உடைஞ்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், பத்திரமா வச்சுக்கோங்க.” அன்று முதல் அந்த இரண்டு டைல்ஸும் பூத்துவாலை சுற்றிக்கொண்டு பீரோவுக்குள் தூங்குகின்றன.

இத்தனைக்கும் பிறகு பணம் வந்திருக்கிறது. வந்ததைப் போய் வேண்டாமென்கிறாள்.

“சண்டை முடிஞ்சுபோச்சேன்னு உனக்கு வருத்தம்” என்றார் கடைக்காரர். “இத்தனை நாளா நீ தொண்டை கட்டக் கத்தினே, ஒண்ணும் நடக்கல. நான் முந்தாநாள் கடையில உக்காந்த இடத்துலயே ரெண்டு நிமிஷத்துல முடிச்சேன். அதான் உனக்குப் பொறுக்கல.”

“எப்படி முடிச்சீங்க?”

“ஃபாரத்துல எந்தக் கட்டத்துல டிக் போட்டா காரியம் ஆகும்னு தெரிஞ்சிருக்கணும். கம்பெனியக் குத்தம் சொன்னா அவன் விசாரிச்சுக்கிட்டேதான் இருப்பான். செல்போன் கடைக்காரர் சொல்லிக் குடுத்தார்.”

“தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

“பின்னே, தெரியாமலா?”

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கம்பெனி நம்பர் விரலுக்கே தெரிந்திருந்தது.

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா, திங்கட்கிழமை பிராஜெக்ட் குடுக்கணும். வேற கடையில நேர்லயே ஒண்ணு பார்த்து வச்சுட்டேன். அப்பா பணம் கட்டினா இன்னிக்கே கைக்கு வந்துடும்.”

“கொஞ்சம் பொறு கண்ணு.”

“எல்லாரும் பணம் வரலைன்னு போன் பண்ணுவாங்க. நம்ம வீட்ல மட்டும் வந்துடுச்சுன்னு பண்றோம்.”

‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்று போன் பதினோரு நிமிடம் சொன்னது. பிறகு ஓர் இளம்பெண் குரல்.

“சொல்லுங்க மேடம், ரீஃபண்ட் இன்னும் வரலையா?”

“வந்துடுச்சும்மா. எனக்கு வேண்டாம்.”

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“மேடம்... அப்படிச் சொல்றதுக்கு எங்க ஸ்க்ரீன்ல பட்டனே இல்லையே.”

“தேடுங்கம்மா. நான் எங்கயும் போகல.”

அந்தப் பெண் மேலதிகாரியைக் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். பாட்டு ஓடியது.

கடைக்காரர் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். “உங்க அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. நாளைக்குக் கடைக்குக் கூட்டிட்டு வா. கண்ணையாவது செக் பண்ணிடுவோம்.”

“பார்வையெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க” என்றாள் டீச்சர். “இன்னிக்குக் காலையில ஸ்கூலுக்குப் பார்சல் வந்தது. கொண்டுவந்தது புது ஆள். நம்ம ஏரியாவுக்கு எப்பவும் வர்ற பழையவர் எங்கேன்னு கேட்டேன்.”

“அவர் லீவு போட்டிருப்பார். அதுக்கும் இதுக்கும் என்னடி...”

வாய் பாதியில் நின்றது. பாட்டும் நின்றது.

“மேடம், ஒரு வழி இருக்காம். பணத்தை நாங்க திரும்ப எடுத்துக்கிட்டு, புகாரை முதல்லேர்ந்து திறக்கணும். மறுபடியும் நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும். பரவாயில்லையா?”

“பரவாயில்லம்மா. எனக்குப் பழக்கம்தான்.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

“காரணம் போடணும் மேடம். சொல்லுங்க, டைப் பண்றேன்.”

டீச்சர், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரர் தப்பான கட்டத்துல டிக் போட்டுட்டார். பெட்டி சீல் உடையாமத்தான் வந்தது, கத்தரிக்கோலால வெட்டினது நான். ‘வழியில் திருடிவிட்டார்’னு நீங்க நேத்து வேலையை விட்டு நிறுத்தினீங்களே, அந்த டெலிவரிக்காரரை நாளைக்குக் காலையில திரும்பக் கூப்பிடணும்.”