இரண்டாம் பூச்சு

காலை மணி பதினொன்று பத்து. குளியல் தொட்டியின் உரிந்த பரப்பைச் சுரண்டிப் பூசிய இரண்டாம் பூச்சு இன்னும் காயவில்லை. ஒரு சொட்டு நீர் பட்டாலும் கொப்புளித்துவிடும். குழாயோ, எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒழுகுகிறது. மனைவி அதன் வாயில் தையல் நூலைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிக்கு வெளியே இருக்கும் வாளிக்குள் இழுத்துப் பிடித்திருக்கிறாள். சொட்டுகள் ஒவ்வொன்றாக நூலில் வழுக்கிப் போகின்றன. கணவன் பிரஷ்ஷும் கையுமாக, மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜன்னல் வெளிச்சம் தொட்டிக்குள் அசையாமல் கிடக்கிறது. "தொட்டியைப் பாழாக்கிட்டோம்னுதானே வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொன்னாங்க? நாளைக்கு வந்து பார்க்கட்டும், வாயடைச்சுப் போயிடுவாங்க," என்கிறான். அவள் கையை அசைக்காமல் கேட்கிறாள்: "இந்தப் பளபளப்பைப் பார்த்து மயங்கி, அந்தம்மா தன் பொண்ணையே இங்க குடிவைக்கப்போறேன்னு சொல்லிட்டாங்கன்னா?"