ரம்ஜானுக்கு வந்த இசைத்தட்டு

ஐம்பத்து நாலில் பழவேற்காட்டில் மற்ற வீடுகளுக்குச் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வரும். மெஹர்னிசாவுக்கு மட்டும் ஜாஸ் இசைத்தட்டு வரும்.

"இந்தாம்மா, ரவூப் அனுப்பிக்கிறான்." தபாலாபீசிலிருந்து வந்த மாமனார் நூர் முகம்மது, மருமகளிடம் பொட்டலத்தை நீட்டினார்.

"இந்தத் தபாவும் லெட்டர் இல்லியா மாமா?"

"எழுதறதுக்கு உன் ஊட்டுக்காரனுக்கு இன்னிக்கி நேத்தா சோம்பல்?"

ஒரு வருஷமாக இதே பதில்தான். அந்தச் சங்கீதம் அவளுக்குப் பிடிபடவேயில்லை. ஆனாலும் மாதம் ஒரு தட்டு வந்தால் அவன் நலமாக இருக்கிறான் என்று அர்த்தம். அவன் திரும்பி வந்து கேட்பதற்காகப் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தாள்.

உறையைப் பிரித்தவள், தட்டின் நடுவிலிருந்த லேபிளை அடுக்கிலிருந்த ஒன்றோடு ஒத்துப் பார்த்தாள்.

"மாமா, இது ரம்ஜானுக்கு வந்த அதே பிளேட்டு!"

"அதனால இன்னாம்மா?"

"ஒரே பிளேட்ட ரெண்டு தபா வாங்கற ஆளா அவரு? வேற யாரோ அனுப்பறாங்க மாமா. அவருக்கு இன்னாமோ ஆயிடுச்சி!"

நூர் முகம்மது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு எல்லாம் ஒரே கறுப்பாத்தானே தெரியுது... மெட்ராஸ் கடைக்காரன்கிட்ட படிச்சிப் படிச்சி சொன்னேனேம்மா, குடுத்ததையே திருப்பிக் குடுத்துடாதப்பான்னு."