இருபதாவது மேற்கோள்

"பத்தொன்பது" என்றான் யெஸ்பர்.

இங்கெலா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து மழைநீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை எண்ணிப் பாரேன்."

"மூணு தடவை பார்த்துட்டேன், இங்கெலா. நானா எண்ணறேன்? கம்ப்யூட்டர் எண்ணுது. அதுக்கு உங்க மேல என்ன கோபம்?"

கோத்தன்பர்க் மருத்துவ நூலகத்தின் மூன்றாம் மாடி அது. மருத்துவ ஆராய்ச்சியாளர்களை எடைபோடுவதுதான் யெஸ்பரின் வேலை. யார் எத்தனை கட்டுரை எழுதினார்கள், அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணித் தேர்வுக் குழுவுக்குக் கொடுப்பான்.

பேராசிரியர் பதவிக்குக் குழு கேட்பது சுலபமான கணக்கு. இருபது கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது மேற்கோள்.

இங்கெலாவின் பத்தொன்பது கட்டுரைகள் தேறிவிட்டன. இருபதாவதற்கு ஒரே ஒரு மேற்கோள் குறைந்தது.

திங்கட்கிழமை குழு கூடுகிறது. ஏற்கெனவே இரண்டு முறை இல்லையென்று சொன்ன குழு. அவளுக்கு அறுபத்தாறு வயது. இது மூன்றாவது முறை; நான்காவது என்று ஒன்று கிடையாது.

"இன்னொண்ணு கேட்கணும். கோவிச்சுக்காதீங்க." யெஸ்பர் திரையை அவள் பக்கம் திருப்பினான். "யார் இந்த லௌரிட்சன்? உங்க எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் வாசல்ல இவர்தான் நிக்கிறார்."

பிரேபென் லௌரிட்சன், ஆர்ஹூஸ், டென்மார்க். இருபத்திரண்டு வருடப் பட்டியலில் ஒரு வருடம்கூட விடுபடவில்லை.

"நண்பர்களுக்குள்ள மாத்தி மாத்தி மேற்கோள் காட்டி நம்பரை ஏத்திக்கிறாங்க. அதனால படிவத்துல ஒரு கட்டம் வெச்சிருக்காங்க. இவர் உங்க நண்பரான்னு. ஆமாம்னா, அவர் காட்டினது மொத்தமும் கழிஞ்சுடும்."

"கழிஞ்சா?"

"பதினொண்ணுதான் தேறும்."

இங்கெலா சிரித்தாள். அறைக்குள் வந்தபின் முதல் சிரிப்பு.

"நண்பரா! என்னைத் திட்டறதுக்குன்னே டென்மார்க்ல ஒரு ஆளைப் பெத்துப் போட்டிருக்காங்க. அது அந்த ஆளுதான்."

வயதானவர்களின் தலைச்சுற்றல் காதில் தொடங்குகிறது என்பது அவள் கட்சி. கழுத்தில் தொடங்குகிறது என்பது லௌரிட்சனின் கட்சி. அவள் ஒன்று எழுதினால் மறு வருடமே அங்கிருந்து மறுப்பு வரும். நான்காம் அட்டவணையில் ஒரு நோயாளி குறைகிறாரே என்று கேட்பார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டதைக்கூட விடமாட்டார்.

இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஒரு கடிதம்கூட எழுதிக்கொண்டதில்லை.

அவளுடைய முன்னாள் கணவன் அவள் கட்டுரைகளின் தலைப்பைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டவன். துறையில் பலர் அதுவரைகூட வந்ததில்லை.

"திட்டறதையும் சேர்த்தா எண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"திட்டினாலும் ஒண்ணு, புகழ்ந்தாலும் ஒண்ணு. இந்தக் கணக்குக்குக் காது கிடையாது." யெஸ்பர் கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தான். பட்டியலை ஒருமுறை புதுப்பித்தான். அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இருங்க, இருங்க. இன்னிக்குக் காலையில புதுசா ஒண்ணு ஏறியிருக்கு. குறைஞ்ச கட்டுரைக்கேதான்... இருபது! இங்கெலா, இருபது! யாருன்னு பாருங்க. உங்க டென்மார்க் ஆளே!"

அவன் எழுந்துவிட்டான். "இதுக்கு பன் இல்லாம முடியாது. காபி கறுப்புதானே?"

அவன் போனதும் இங்கெலா அந்தக் கட்டுரையைத் திறந்தாள். வழக்கம்போல் ஹெட்மார்க் என்ற தன் பெயர் வரும் இடத்துக்கு நேரே போனாள்.

'ஹெட்மார்க்கின் முடிவு இப்போதும் தவறு. அவருடைய பதிலுக்குக் காத்திருக்கிறோம்.'

பதில் அப்போதே தலைக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. கழுத்தாம், கழுத்து. ஐந்தாம் பத்தியில் வசமாக மாட்டிக்கொள்ளப் போகிறார்.

தேதி பார்ப்பதற்காக முதல் பக்கத்துக்குப் போனாள்.

லௌரிட்சன் என்ற பெயரின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவை. கட்டுரை அச்சேறுமுன் எழுதியவர் இறந்துவிட்டால் இதழ்கள் போடுகிற குறி. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஆகஸ்ட் பத்தொன்பது என்று இருந்தது.

அன்று தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். கோடை விடுமுறை முடிந்த வாரம். போன வருட மறுப்புக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு பக்கம். இப்போதும் பையில் இருக்கிறது.

யெஸ்பர் இரண்டு இலவங்கப்பட்டை பன்களோடு வந்தான்.

"பேராசிரியரம்மா, முதல்ல இதை எடுங்க. அப்புறம் ஒரு கையெழுத்து. முடிஞ்சது வேலை."

அவள் பன்னை எடுக்கவில்லை.

"அந்தக் கட்டத்தை மாத்தணும், யெஸ்பர்."

"எந்தக் கட்டம்?"

"நண்பரான்னு கேட்டிருக்கே, அது."

அவன் தட்டைக் கீழே வைத்தான். "நேர்ல பார்த்ததே இல்லைன்னீங்க?"

"பார்த்ததில்லைதான்."

"பதினொண்ணு ஆயிடும், இங்கெலா. திங்கட்கிழமை குழு."

அவள் கை நீட்டி மௌஸைத் தன் பக்கம் இழுத்தாள். 'இல்லை' என்பதை எடுத்துவிட்டு 'ஆம்' என்பதில் அழுத்தினாள். மூலையில் இருந்த இருபது போய்ப் பதினொன்று வந்தது.

யெஸ்பர் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இந்தக் கட்டுரையை மட்டும் ஒரு பிரதி அச்செடுத்துக் கொடு" என்றாள் இங்கெலா, கோட்டைக் கழற்றிக்கொண்டே. "பதில் எழுதணும்."