அவ்வளவா வலிக்கல

"அவ்வளவா வலிக்கலன்னுதானே அந்தம்மா சொன்னாங்க? நம்பி வீட்டுக்கு அனுப்பினேன்," என்றார் டாக்டர் சாரெலா.

"அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க. மறுநாளே ஆம்புலன்ஸ்ல போனாங்க. நிமோனியா," என்றாள் நர்ஸ் ஹெலி, ஒரு கையால் மேஜை ஓரத்தைப் பிடித்து, மறு கையை வலது அடிவயிற்றில் வைத்து நின்றபடி.

ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே காட்டுக்கு நடுவே இருந்த இந்தச் சிற்றூர்ச் சுகாதார நிலையத்துக்கு, ஐம்பத்திரண்டு வயதில் மாற்றலாகி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது அவருக்கு. இன்னொருவரை அப்படி அனுப்பிவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"நானும் பின்லாந்துக்காரன்தான். 'கோவின்'னா 'அவ்வளவா'ன்னு எனக்குத் தெரியாதா? அவ்வளவா வலிக்கலன்னா கொஞ்சமா வலிக்குதுன்னுதானே?"

"அது உங்க தலைநகரத்துல. எங்க ஊர்த் தராசு வேற. ஒருத்தர் கத்தினா மாத்திரை போதும். ஒண்ணுமில்லன்னு சொன்னா எக்ஸ்ரே எடுக்கணும். அவ்வளவா இல்லன்னா, நாம ஓடணும்."

டாக்டர் சிரித்தபடி அவளுக்கும் ஒரு கோப்பை காபி ஊற்றினார்.

"வேணாம். இன்னிக்குக் காபி அவ்வளவா இறங்கல."

"சரி, உக்காந்தாவது பேசுங்க."

"உக்கார்றது அவ்வளவா சௌகரியமில்ல. அடுத்த ஆளைக் கூப்பிடறேன்."

வந்தவர் மரம் வெட்டும் தைஸ்தோ. தொடையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார்.

"ரம்பம் பட்டுடுச்சு. அவ்வளவா ஆழமில்ல."

ஹெலி ஒரு புருவத்தை உயர்த்தினாள். டாக்டர் துண்டைப் பிரித்தார். பதினோரு தையல்.

"பட்ட உடனே வரக்கூடாதா?"

"மரம் பாதியில நின்னுது. சாய்ச்சுட்டு வந்தேன்."

அடுத்து வந்தவர், கோடை விடுமுறைக்கு ஹெல்சிங்கியிலிருந்து வந்தவர். குளவி கொட்டியிருந்தது. செத்துவிடுவேன் என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். களிம்பு போதுமாயிருந்தது.

"உங்க ஊர்க்காரர்," என்றாள் ஹெலி. சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"தராசு பிடிபட்டுடுச்சு. இனிமே எந்த நோயாளியும் என் கண்ணுக்குத் தப்ப முடியாது," என்றார் டாக்டர்.

"பாக்கலாம். வெளிய யாரும் இல்ல. நான் கொஞ்சம் சீக்கிரமாக் கிளம்பட்டுமா? இன்னிக்கு அவ்வளவா தெம்பில்ல."

அவள் ஒரு கையாலேயே கோட்டை மாட்டத் தொடங்கினாள். கோப்பைகளை எடுத்துவைக்கப் போன டாக்டரின் கை நின்றது. காலையில் அவளுக்கு ஊற்றிய காபி விளிம்புவரை அப்படியே ஆறிக் கிடந்தது. இந்த ஊரில் வேலைக்கு வராதவர்கள் உண்டு. காபியை வேண்டாம் என்பவர்கள் கிடையாது.

அவர் தொலைபேசியை எடுத்தார்.

"சுகாதார நிலையத்துலேர்ந்து பேசறேன். ஆம்புலன்ஸ் வேணும். உடனே."

"யாருக்கு, டாக்டர்? வெளியதான் யாரும் இல்லையே," என்றாள் ஹெலி.

டாக்டர் கட்டிலைக் காட்டி அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் தொடர்ந்தார்: "வலது அடிவயித்துலேர்ந்து கையை எடுக்கவே மாட்டேங்கறாங்க, காலையிலேர்ந்து மூணு 'அவ்வளவா' ஆச்சு... பேரா? ஹெலி. எங்க நர்ஸ்."