தலை சாயும் பக்கம்

செந்தில்வேலுக்கு வலது தோள் விடிந்ததிலிருந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. நல்லூரில் பனியன் கம்பெனிக்கு மேலே தகரக்கூரை போட்ட ஜிம். காலை வெயில் ரப்பர் விரிப்பில் நீளமாகக் கிடக்கிறது. கீழே நிட்டிங் மெஷின் ஓடுவதில் தரை அதிர்கிறது. திங்கட்கிழமை முதல் தன் துணி ரோல்களைத் தானே சுமப்பதாகச் சொல்லியிருக்கும் செந்தில்வேல், கைப்பிடி வைத்த எட்டுக் கிலோ இரும்புக் குண்டான கெட்டில்பெல்லை நெஞ்சுக்குக் கொண்டுவருகிறான். தோள் தசை கிழியுமுன் இருபத்து நாலு கிலோவை ஒரே கையில் தூக்கியவன். இரும்பு தோளை நெருங்கியதும் தலை தானாக இடப்பக்கம் சாய்ந்து இடம் விடுகிறது. "தலைய ஏன் மாப்ள சாய்க்கறே? அதென்ன துணி ரோலா?" என்கிறான் கூட வேலை செய்யும் சேக் தாவூது. "பழகிப்போச்சு பாய்." தலையை நிமிர்த்திக் கையை உயர்த்துகிறான். காது உயரத்தில் கை நின்றுவிடுகிறது. அடியில் தாவூதின் உள்ளங்கை தொடாமல் காத்திருக்கிறது. "எறக்கிடு. திங்கக்கெழமயும் நானே தூக்கிக்கறேன்." செந்தில்வேல் இரும்பைத் தரையில் வைக்கிறான். தாவூதின் கழுத்து முன்பு ஒரு பக்கம்தான் ரோல் உராய்ந்து கறுத்திருக்கும். இப்போது இரண்டு பக்கமும். மூன்று மாதமாகச் செந்தில்வேலின் பங்கு ரோல்களையும் அவன்தான் சுமக்கிறான். அதற்கு ஈடாக ஒரு ரோலைக்கூடச் செந்தில்வேல் இன்னும் அவனுக்காகச் சுமக்கவில்லை.