ஒரு சிட்டிகை

அது நண்டுக் குழம்பா, மீன் குழம்பா என்று இப்போது எனக்கே சந்தேகம். அந்தத் தீவில் இருந்தவரை நாங்கள் தினமும் செலினின் கடற்கரைக் கடைக்கே போனோம். தொண்டையில் கதிர்வீச்சு கொடுத்த பிறகு என் மனைவி தமயந்திக்கு இளநீர் மட்டும்தான் இறங்கியது. எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பாள்.

“என்னக்கா, சினிமா பாக்கற மாதிரி பாக்குறீங்க?” என்பாள் செலின்.

“அவர் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ருசி தெரிஞ்சிடும்.”

காரம், புளி எல்லாவற்றையும் அப்படியே சொல்லுவாள். ஒருமுறையும் தப்பியதில்லை.

கடைசி நாள் அந்தக் குழம்பின் முதல் கவளத்திலேயே உப்பு கரித்தது. தமயந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு உப்பே போடல, இல்ல?”

நான் ஆமென்று தலையாட்டினேன். செலின் ஓடி வந்து, குழம்பில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஆமாக்கா, மறந்தே போயிட்டேன்” என்று உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

தமயந்தி ஒரு சிட்டிகை எடுத்து என் தட்டில் தூவினாள். நான் பிசைந்து சாப்பிட்டேன்.

“இப்ப சரியா இருக்கு” என்றாள்.

அந்த வருட மழைக்காலத்தில் தமயந்தி இறந்துபோனாள். செலின் கடையை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டாள். நான் இருக்கிறேன்.