ஆடாத ட்ரைபாட்

உடன் வேலை பார்க்கும் ஜெபக்குமாரின் ட்ரைபாடைப் பார்த்ததும் நிதினுக்குச் சிரிப்புதான் வந்தது.

“இது துணி காயப்போடத்தான் லாயக்கு.”

கோவளத்துக் கடற்காற்றில் அது கிடுகிடுவென ஆடியது. அலுவலகப் புகைப்படப் போட்டிக்கு அன்று மாலையே கடைசி. எடுத்ததெல்லாம் கலங்கல்.

“ட்ரைபாடுல வச்சா கேமரா ஸ்டெபிலைசர ஆஃப் பண்ணணும். அதுகூடத் தெரியாம போட்டிக்கு வந்துட்டே.”

நிதினே அதை அணைத்து, டைமர் வைத்தான். இரண்டு நிமிட எக்ஸ்போஷர்; அதுவரை கேமரா துளியும் ஆடக்கூடாது. இருவரும் பத்தடி தள்ளி நின்றார்கள். காற்று ஓயவே இல்லை.

படத்தில், கரையேற்றிய படகின் எண்கூடப் பளிச்சென்று விழுந்திருந்தது.

“பார்த்தியா? விஷயம் தெரிஞ்சவன் கை வைக்கணும்.”

ஜெபக்குமார் படத்தைப் பார்க்கவில்லை. “அண்ணாத்த, இத்த யாரு புடிச்சிகினு இருந்தது?”

ட்ரைபாடின் மூன்று கால்களிலும் ஈரமணல் ஒட்டிய கைத்தடம் இருந்தது. மூன்றும் இடது கை.